வேண்டாம் என்பது ஒரு வேலை

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் அபார்ட்மெண்டில் எதிர் ஃபிளாட் பையனுக்கு என்ன உத்தியோகம் என்று அவன் அம்மாவைக் கேட்டால், "கர்னல்ல இருக்கான்" என்பார். தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால், பையன் பட்டாளத்தில் பெரிய ஆபீசர் என்றே பலர் நம்பி லிஃப்டில் ஒதுங்கி நின்று இடம் விட்டார்கள். முதல் மாடி ரிடையர்டு வாரண்ட் ஆபீசர்தான், "ஏர்ஃபோர்ஸ்ல ஏதுங்க கர்னல்? எங்ககிட்ட குரூப் கேப்டன்தான்" என்று குட்டை உடைத்தார்.

விசாரித்ததில் அது கர்னல் அல்ல, கெர்னல். தேங்காய்க்கு நார், ஓடு, அதற்குள் பருப்பு என்பதுபோல, கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு உள்ளே இருக்கும் பருப்பு. லினக்ஸ் கெர்னலில் டிஸ்ப்ளே டிரைவர் என்கிற பகுதிக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்து வரும் திருத்தங்களை வரி வரியாகப் படித்து, 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ பதில் எழுதுவது அவன் வேலை. பெரும்பாலும் 'வேண்டாம்'தான்.

அடுத்தவன் எழுதியதைப் படித்துக் குறை சொல்ல மாதச் சம்பளமா? இலக்கிய விமரிசகர்கள் இதை இலவசமாகவே செய்துவருகிறார்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்தேன். கேட்டு முடித்ததும், கொடுக்கிற சம்பளம் போதாது என்று தோன்றியது.

முதலில் டிஸ்ப்ளே டிரைவர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். உங்கள் ஆபீஸ் மானிட்டர் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் சொல்ல 4 பைட். ஆக ஒரு முழுப் படத்துக்குக் கிட்டத்தட்ட 83 லட்சம் பைட். இதை விநாடிக்கு 60 தடவை அனுப்பவேண்டும். கிட்டத்தட்ட 50 கோடி பைட். நீங்கள் தேமே என்று ஒரு எக்ஸெல் ஷீட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பொதுவாக இதே கணக்குதான். அந்த ஓட்டத்துக்கு வழி போட்டுக் கொடுத்து, கடிகாரம் தப்பாமல் பார்த்துக்கொள்வது டிரைவரின் பொறுப்பு.

ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.6 மில்லி செகண்ட். இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. பழைய பிக்சர் டியூப் டி.வி.யில் எலெக்ட்ரான் கற்றை கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குத் திரும்பி வர அவகாசம் தேவைப்பட்டது. டியூப் போய்விட்டது, இடைவெளி மட்டும் தாத்தா சொத்து மாதிரி இன்னமும் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுப் படத்தை மாட்டவேண்டும். தாம்பரம் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் டிரெயின் நிற்கிற நேரத்துக்குள் ஏறுகிற மாதிரி. ஓட ஆரம்பித்தபின் ஏறினால் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. திரையிலும் அதேதான்: மேல்பாதி பழைய படம், கீழ்பாதி புதுசு, நடுவில் கத்தரி போட்ட மாதிரி ஒரு கோடு.

கோடு விழுந்தால் பரவாயில்லை, பார்வை உறுத்தலோடு போயிற்று. கெர்னலுக்குள் தப்பு செய்தால் விவகாரம் வேறு. உங்கள் பிரவுசர் செத்தால் மறுபடி திறந்துகொள்ளலாம். கெர்னல் செத்தால் மெஷினே சாகும், நீங்கள் சேவ் செய்யாத ஃபைலோடு சேர்த்து. 1996-ல் விண்டோஸ் என்.டி. 4.0 வந்தபோது மைக்ரோசாஃப்ட், வேகத்துக்காகப் படம் வரையும் சமாசாரங்களைக் கெர்னலுக்குள் கொண்டுபோனது. வேகம் கிடைத்தது. கூடவே, டிஸ்ப்ளே டிரைவர் தடுக்கினால் மொத்த மெஷினும் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொள்ளும் பாக்கியமும் கிடைத்தது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவில் டிரைவரின் பெரும்பகுதியை மறுபடி வெளியே தள்ளினார்கள்.

டிஸ்ப்ளே சம்பந்தமில்லாத கெர்னல் விபத்து ஒன்று உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. பல ஆபீஸ்களில் வேலை நடக்கவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். விண்டோஸுக்குக் காவல் காக்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் மென்பொருள், கெர்னலுக்குள் உட்கார்ந்து ஒரு தகவல் ஃபைலைப் படித்தது. 21 விவரங்களை எதிர்பார்த்தது, கையில் கொடுக்கப்பட்டவை 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போய், தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைத்தது. உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டின. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். "இருபது இருக்கா, இருபத்தொண்ணு இருக்கா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தால் போதும்.

அப்படிக் கேட்கிற ஆள்தான் ரெவ்யூ செய்பவர்.

பையன் லேப்டாப்பில் ஒரு திருத்தத்தைக் காட்டினான். மொத்தமே நாற்பது வரிக்குள். புதிதாக ஒரு டிஸ்ப்ளே சிப்பை எழுப்பி உட்காரவைக்கும் பகுதி. முதலில் மின்சாரம் கொடு, பிறகு கடிகாரத்தை ஓட விடு, பிறகு மெமரி வாங்கு, கடைசியில் 'வேலை வந்தால் என்னைக் கூப்பிடு' என்று பதிவு செய்.

"இதுல என்னப்பா தப்பு? சரியாத்தானே இருக்கு?" என்றேன், எல்லாம் புரிந்தவன் போல.

"சரியா நடந்தா சரிதான் சார். நாலாவது ஸ்டெப் ஃபெயில் ஆச்சுன்னா பாருங்க. மெமரியைத் திருப்பிக் கொடுக்கறார், கரண்டை நிறுத்தறார். கடிகாரத்தை மறந்துட்டார். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

"எழுதினவர் புதுசா?"

"இல்ல சார், பத்து வருஷ அனுபவம். எல்லாரும் கல்யாணம் நடக்கும்னு நம்பித்தான் எழுதுவாங்க. நான் கல்யாணம் நின்னா என்ன ஆகும்னு பார்க்கணும்."

அருமையான உதாரணம். மண்டபம், சமையல், நாதஸ்வரம் என்று வரிசையாகப் புக் செய்துவிட்டு, நிச்சயத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினால், ஒவ்வொன்றையும் கடைசியிலிருந்து முதல் வரை திருப்பி ரத்து செய்யவேண்டும். நாதஸ்வரக்காரரை மறந்தால் அவர் மட்டும் முகூர்த்த நாளில் வந்து வாசித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது பூட்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரையின் அமைப்பை மாற்றக்கூடாது என்பதற்காக, ஒருவர் உள்ளே போனால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளவேண்டும், முடித்ததும் திறக்கவேண்டும். ஆனால் நடுவில் ஏதோ பிழை வந்து, புரோகிராம் தாழ்ப்பாளைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடும். வெளியே க்யூவில் நிற்பவர்கள் காலாகாலத்துக்கும் நிற்பார்கள். பாத்ரூம் ஒன்றே உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரெவ்யூ செய்பவர் ஒவ்வொரு ஜன்னலையும் எண்ணிப் பார்க்கிறார்.

மூன்றாவது, மானிட்டரின் ஜாதகம். ஒயரை மாட்டியதும் மானிட்டர் தன்னைப் பற்றி 128 பைட்டில் ஒரு குறிப்பு கொடுக்கிறது: நான் இன்ன கம்பெனி, இன்ன வருஷம் பிறந்தேன், இத்தனை புள்ளி, இத்தனை வேகம். அந்த 128 எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியில்லாமல் வகுபடவேண்டும். வகுபடாவிட்டால் வழியில் எங்கோ கெட்டுப்போயிருக்கிறது. கூட்டல் சரியாக வந்து, ஜாதகமே பொய்யாக இருப்பதும் உண்டு. இப்படித் தன்னைப் பற்றித் தப்பாகச் சொல்லிக்கொள்ளும் மானிட்டர்களுக்கென்றே லினக்ஸ் கெர்னலில் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்ன கம்பெனியின் இன்ன மாடல் வந்தால் அது சொல்வதை அப்படியே நம்பாதே, இப்படி எடுத்துக்கொள் என்று. கல்யாணத் தரகர்களிடம்கூட இத்தனை நேர்மையான பட்டியல் கிடையாது.

எல்லாம் பார்த்து முடித்துத் திருப்தி என்றால், ரெவ்யூ செய்தவர் ஒரே ஒரு வரி எழுதுகிறார்: 'படித்துப் பார்த்தவர் இன்னார்.' பெயர், ஈமெயில் முகவரியோடு. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கெர்னல்காரர்கள் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். நான் இதை ஆராய்ந்தேன். எனக்குப் பட்ட குறைகளை எழுதியவரிடம் சொல்லிவிட்டேன். இது கெர்னலுக்கு உபயோகமானது, எனக்குத் தெரிந்து இதில் கோளாறு இல்லை என்று நம்புகிறேன். ஆனால் கட்டாயம் ஓடும் என்று கியாரண்டி தரவில்லை. நம் ஊர் எல்.ஐ.சி. பாலிசியை விடச் சுருக்கம், அதைவிடப் புரிகிறது.

எழுதியவரும் கையெழுத்துப் போடவேண்டும். இந்தப் பழக்கம் 2004-ல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் எஸ்.சி.ஓ. என்ற கம்பெனி, எங்கள் சரக்கு லினக்ஸில் புகுந்துவிட்டது என்று ஐ.பி.எம். மேல் கேஸ் போட்டிருந்தது. யார் எதை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதற்குத் தடயம் வேண்டும் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் ஏற்பாடு செய்தார். இன்று கெர்னலின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே அந்தப் பெயர்கள் நிற்கின்றன. இருபது வருஷம் கழித்து எவனாவது தலையைச் சொறிந்துகொண்டு, "இதை யார்டா ஓகே பண்ணினது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

இனி, இந்தத் துறையில் சொல்லப்பட்ட மிகப் பிரபலமான 'வேண்டாம்'.

ஏ.எம்.டி. கம்பெனி தன் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்காக ஒரு புது டிஸ்ப்ளே டிரைவர் எழுதி, 2016-ன் தொடக்கத்தில் லினக்ஸுக்கு அனுப்பியது. தொண்ணூறாயிரம் வரிக்கு மேல். எதிர்ப்பு வந்தது. குறைத்து, டிசம்பரில் மறுபடி கேட்டார்கள். அப்போது சுமார் 66,000 வரி. கிராஃபிக்ஸ் பகுதிக்குப் பொறுப்பாளரான டேவ் ஏர்லி, முடியாது என்று சொல்லிவிட்டார்.

டிரைவர் ஓடவில்லை என்பதல்ல காரணம். ஓடியது. உள்ளே ஒரு நடுச்சுவர் இருந்தது. ஒரே புரோகிராமை விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வைத்துக்கொள்ள வசதியாக, கம்பெனி நடுவில் சொந்தமாக ஓர் அடுக்கு கட்டியிருந்தது. கம்பெனிக்கு அது மிச்சம். கெர்னலுக்கு அது தலைவலி.

எங்கள் அபார்ட்மெண்டை வைத்தே சொல்கிறேன். ஒரு ஃபிளாட்காரர், பொது சம்ப்பிலிருந்து சொந்தமாகக் குழாய் இழுத்து, சொந்த மோட்டார் வைத்து, அந்த ரூமுக்குப் பூட்டும் போட்டு சாவியைத் தானே வைத்துக்கொள்கிறார். தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் பொதுக் குழாயை மாற்றவேண்டுமென்றால் அவர் வீட்டில் இருக்கவேண்டும். துபாய்க்கு மாற்றலாகிப் போய்விட்டால் மொத்த பிளாக்கும் அண்ணாந்து பார்க்கவேண்டியதுதான். கெர்னலில் எல்லா கம்பெனி டிரைவர்களுக்கும் பொதுவான குழாய்கள் உண்டு. அவற்றை மாற்றும்போது, யார் வேண்டுமானாலும் எந்த டிரைவரையும் திறந்து படித்துச் சரி செய்ய முடியவேண்டும். எழுதியவர்களுக்கு மட்டும் புரிகிற அறுபதாயிரம் வரியை ஏற்றுக்கொண்டால், நாளை அந்தக் கம்பெனிக்கு மனசு மாறினால், அதைச் சுமப்பது 'சரி' என்று சொன்னவர்.

ஏ.எம்.டி. தரப்பு எஞ்சினியர்களுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆட்கள் குறைவு, புதுக் கார்டுகள் வரிசையில் நிற்கின்றன, அடியிலிருந்து மாற்றி எழுது என்றால் எப்படி? அந்த 'வேண்டாம்' இலவசமாகவும் வரவில்லை. 2017 ஆகஸ்டில் வேகா என்ற புதுக் கார்டு கடைக்கு வந்தபோது, மூல லினக்ஸ் கெர்னலில் அதிலிருந்து மானிட்டருக்குப் படம் வர வழியில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் கம்பெனியின் தனி டிரைவரைத் தேடிப்போக வேண்டியிருந்தது. 'வேண்டாம்' என்று சொல்பவர் அந்தத் திட்டையும் வாங்கிக்கொள்ளவேண்டும்.

ஆனால் நடுவில் வேலை நடந்தது. பொதுவாக இருக்கும் வசதியைத் தனியாக மறுபடி எழுதிவைத்திருந்த இடங்களைக் களைந்தார்கள். தனி வழிகளைப் பொது வழியோடு சேர்த்தார்கள். 2017 நவம்பரில் அந்த டிரைவர் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2018 ஜனவரி 28-ல் வெளியான லினக்ஸ் 4.15-ல் வந்தது. வரிகள் லட்சத்தைத் தாண்டியிருந்தன. ஆக, பிரச்னை நீளம் அல்ல. நடுச்சுவர் முழுக்க இடிபடவில்லை. ஆனால் பொதுவழிப் பக்கம் கதவு வைத்து, சாவியை ஆணியில் மாட்டினார்கள். இன்று ஏ.எம்.டி. கார்டு உள்ள லினக்ஸ் மெஷினில் நீங்கள் பார்க்கும் படம் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருக்க நிறைய வாய்ப்பு.

'சரி' என்பதன் விலையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து, படகில் ஆட்களை மீட்டார்கள். தண்ணீர் தனக்குப் பழக்கமான வழியில்தான் வந்தது. அந்த வழியில் நின்ற மனைகள் ஒவ்வொன்றுக்கும் எப்போதோ, எங்கோ ஒரு மேஜையில், ஒரு 'சரி' விழுந்திருக்கும். கையெழுத்துப் போட்டது ஒருத்தர், மொட்டை மாடியில் பிஸ்கெட் பாக்கெட்டுக்குக் காத்திருந்தது வேறொருத்தர். கெர்னலிலும் அப்படித்தான். பிழையை அனுபவிப்பவர், அதை அனுமதித்தவரை ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை.

இதையெல்லாம் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த வேலைக்கு நியமன உத்தரவு தேவையில்லை. பையன் சம்பளத்துக்குச் செய்கிறான் என்றாலும், கெர்னல் திருத்தங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கருத்துச் சொல்லலாம். நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. திறந்த மென்பொருளுக்கான தேசிய மையம் 2005-ல் ஆரம்பித்தபோது அதன் ஒரு கால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த லேப்டாப்பில் சினிமா பார்த்தார்கள். ஒரு சிலராவது மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள். அந்தச் சிலர் போதும்.

எப்படி ஆரம்பிப்பது என்று பையனைக் கேட்டேன். சொன்னது இது: சின்னத் திருத்தமாக எடு. அது என்ன செய்கிறது என்பதை முதலில் விடு. ஏன் செய்கிறது என்று எழுதியவர் சொல்லியிருக்கிறாரா பார். பிறகு ஒவ்வொரு வரியிலும் நின்று, 'இது தோற்றால் அடுத்து என்ன?' என்று கேள். விடை அந்தப் பக்கத்திலேயே இல்லையென்றால் எழுதியவரைக் கேட்டு எழுது.

"நமக்கே புரியலைன்னா என்னப்பா பண்றது? அசடு வழியாதா?"

"புரியலைன்னு எழுதினாலும் அது ரெவ்யூதான் சார். படிக்கறவனுக்குப் புரியாதது, எழுதினவருக்கே ரெண்டு வருஷம் கழிச்சுப் புரியாது."

ஆபீஸ் போகிறவர்கள் இதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை மேனேஜர் ஐம்பது பக்க ஃபைலை நீட்டி, "சும்மா ஒரு இனிஷியல் போடுங்க, எல்லாரும் பார்த்தாச்சு" என்று சொல்லும்போது உதவும். எல்லாரும் பார்த்தாச்சு என்பதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: யாரும் பார்க்கவில்லை.